அக்காவுக்கு ஆபரேஷன் ஏன், மாமா மகனுக்கு ஏன் வேண்டாம்

உடம்பு ரொம்பப் பெருத்தவர்களிடம் நம் பக்கம் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை "வாயைக் கட்டு". கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூடச் சொல்வார். சரி, எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று சொன்னால் அதே ஆட்கள் "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு வெட்டணும்" என்பார்கள். என் அக்கா இந்த இரண்டையும் வருஷக்கணக்கில் கேட்டவள். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு இப்போதும் யாராவது வந்து அவளைப் பற்றி விசாரித்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காங்க, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் முழுதாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அக்காவுக்காக நிறையப் படித்தேன், நிறையப் பேரிடம் கேட்டேன்.

முதலில் எந்த எடையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்துக் கிலோ கூடியவரையும் ஐம்பது கிலோ கூடியவரையும் ஒரே பேச்சில் வைத்துப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வருவதால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 64 கிலோ என்றால் 25. இந்தியர்களுக்கு அதிலிருந்தே பருமன் என்று கணக்கு. அதே உயரத்துக்கு 90 கிலோ என்றால் 35, 102 கிலோவைத் தாண்டினால் 40. என் அக்கா அந்த உயரம்தான், அப்போது 118 கிலோ. பி.எம்.ஐ. 46. சர்க்கரை இருந்தது, நெஞ்செரிச்சல் இருந்தது, தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது, முட்டி வலியால் மாடிப்படி ஏற முடியாது. என் மாமா மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், 170 சென்டிமீட்டர், 90 கிலோ. பி.எம்.ஐ. 31. இரண்டு பேருக்கும் சொந்தக்காரர்கள் கொடுத்த யோசனை ஒன்றேதான், ஆனால் இரண்டு பேருக்கும் இருந்த பிரச்சினை ஒன்றில்லை.

மாமா மகன் வாழ்க்கை முறையை மாற்றித்தான் குறைத்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பரோட்டா சாப்பிட்டுப் படுக்கும் பழக்கத்தை விட்டான், கேன்டீனில் சாதத்தைப் பாதியாக்கினான், காய்கறியும் முட்டையும் கூட்டினான், வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வேகமாக நடந்தான். எட்டொன்பது கிலோ இறங்கியது, சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து கீழே வந்தது. அவனுக்கு அது போதும். இந்த வழியை நான் கொஞ்சமும் குறைத்துச் சொல்ல மாட்டேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006-ல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களில் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்று வருஷத்தில் 28.5 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவே இல்லை. எடை மெஷினில் முள் நகராவிட்டாலும் நடப்பவருக்குப் பலன் உண்டு என்று நம் ஊர்க்காரர்களை வைத்தே காட்டிய ஆய்வு அது.

ஆனால் 118 கிலோவுக்கு?

அமெரிக்காவில் சர்க்கரையும் அதிக எடையும் உள்ள 5,145 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு உணவு நிபுணர், உடற்பயிற்சி ஆலோசகர், அடிக்கடி கூட்டம், பேச்சு என்று நம் ஊரில் நினைத்தே பார்க்க முடியாத அளவுக்குப் பக்கபலம் கொடுத்தார்கள். முதல் வருஷம் சராசரியாக 8.6 சதவீதம் எடை குறைந்தது. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆய்வை முடிக்கும்போது 6 சதவீதத்தில் நின்றது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறிப்பிடும்படி குறையவில்லை. உடம்பு நடமாட்டம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், மாத்திரைத் தேவை இதெல்லாம் நன்றாகவே முன்னேறியது, அதை மறைக்கக் கூடாது. அக்காவுக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டேன். 118-ல் 6 சதவீதம் என்றால் 7 கிலோ. 111 கிலோவில் அவள் முட்டி என்ன செய்யும்?

எடை ஏன் திரும்ப ஏறுகிறது என்பதை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை, "கட்டுப்பாடு இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். உடம்புக்கு அதன் பெரிய எடையே தன்னுடைய எடை. அது குறையத் தொடங்கியதும் பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள், 2011-ல் வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தாலும் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைவாகவே இருந்தது. இன்னொன்று, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடும் பயிற்சியால் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். சராசரியாக 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்க வேண்டிய அளவைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. 500 கலோரி என்பது 150 கிராம் ராகி மாவில் கிளறிய களி. மற்றவர்கள் சாப்பிட்டுச் செரித்துவிடும் அந்தக் களி இவர்களுக்கு மட்டும் கொழுப்பாகச் சேரும், பசியும் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடுக்கும், வருஷக்கணக்கில். இதைப் படித்த அன்று அக்காவைச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

களி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "நம்ம ராகிக்கு மாறினா எடை தன்னால இறங்கும்" என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையப் பேர் நம்புகிறார்கள். 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது எனக்கும் மகிழ்ச்சிதான், கால்சியத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் கலோரியில் ராகி அரிசியை ஒட்டித்தான் வருகிறது. எங்கள் தாத்தா மூன்று உருண்டை சாப்பிட்டார் என்றால் விடியலில் ஏர் பூட்டி, பொழுது சாய்ந்து கிணற்றில் கவலை இறைத்துவிட்டு வந்து சாப்பிட்டார்.

சரி, ஆபரேஷன் என்ன செய்கிறது? இரண்டு வகைதான் இப்போது அதிகம். ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குகிறார்கள். பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். (நெஞ்சு பைபாஸ் வேறு. எங்கள் பெரியம்மா அதுதான் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.) வயிறு சின்னதாகிவிடுவதால் மட்டும் எடை குறைகிறது என்று நினைக்க வேண்டாம். கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதி ஸ்லீவில் போய்விடுகிறது, உணவு சீக்கிரம் குடலுக்குப் போவதால் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் கூடுகிறது, அது பசியை அடக்கி இன்சுலினைத் தூண்டுகிறது. உடம்பு எடைக்காகப் போடும் சண்டையையே இது தணித்துவிடுகிறது, நடையாலும் பட்டினியாலும் முடியாதது அதுதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம் என்பதால் அக்காவுக்குப் பைபாஸ்தான் சரி என்றார்கள்.

இரண்டு வகையிலும் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் மொத்த எடையில் கால் பங்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோ குறையும். அக்கா எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒல்லியாகவில்லை, ஒல்லியாவாள் என்று டாக்டரும் சொல்லவில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்பது போனது, இன்சுலின் ஊசி நின்றது, மாடிக்கு ஏறித் துணி காயப்போடுகிறாள். நீண்ட காலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வுதான் பெரிய சாட்சி. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சுமார் 2,000 பேர், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் அதே அளவு. சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில்லை, அவரவர் விருப்பம்தான், பழைய வகை ஆபரேஷன்களும் நிறைய, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் கழித்தும் ஆபரேஷன் செய்தவர்கள் சராசரியாக 18 சதவீதம் குறைவான எடையில் இருந்தார்கள், மற்றவர்கள் தொடங்கிய இடத்திலேயே இருந்தார்கள். 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆயுள் சுமார் மூன்று வருஷம் கூட. அப்படியும் சாதாரண மக்களைவிட ஐந்தரை வருஷம் குறைவு என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. சர்க்கரையைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 150 பேரைக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வில் ஐந்து வருஷம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ1சி) 6-க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. ஆக, இது சர்க்கரையை எல்லோருக்கும் ஒழித்துவிடும் என்று விளம்பரத்தில் பார்த்தால் நம்ப வேண்டாம். வித்தியாசம் பெரிது என்பது மட்டும் நிஜம்.

ஆபரேஷனைக் குறுக்குவழி என்பவர்கள் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் நீராகாரம் மட்டும், பிறகு மசித்தது, பிறகு குழைய வேகவைத்தது, இப்படி ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும். இங்கேதான் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் வந்தது. களியை நாம் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம், சின்ன வயதிலிருந்தே பழகிய கை. சின்னப் பை வைத்த வயிற்றில் அப்படி ஒரு கவளம் போனால் இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கும், வலிக்கும், வாந்தி வரும். பெங்களூரில் இருந்த உணவு நிபுணர் கொடுத்த தாளில் இட்லி, ஓட்ஸ் எல்லாம் இருந்தது, களி இல்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. நாங்களே கேட்ட பிறகு, கொஞ்ச காலம் அறவே வேண்டாம், அப்புறமும் விழுங்கவே கூடாது என்றார். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். இனிப்பு அதிகம் போனால் பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். மாம்பழ சீசனில் நம் ஊரில் அதைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரு கீற்றோடு நிறுத்த அக்கா பழகிவிட்டாள்.

புரதம் அதைவிடப் பெரிய வேலை. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்பார்கள், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நூறு கிராம் ராகியில் 7 கிராம். அரை கப் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும் ஒருவருக்கு அதில் எப்படி அறுபது சேர்ப்பது? தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, தயிர், கொள்ளு கடைசல், பச்சைப்பயறு, அதற்குப் பிறகுதான் சாதம் என்று வரிசையையே மாற்றினோம். மாமியார் வீட்டில் "குழம்பை வெறுமனே தின்னுது" என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள், இப்போது அவர்களே கொள்ளைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. அதற்கான ரத்தப் பரிசோதனை முதலில் சில மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் ஆயுள் முழுக்க.

நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருக்கும் தர்மபுரிக்காரர்கள் சேலத்துக்கும் கோவைக்கும் போய் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். எடை இறங்குகிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள், மூன்றாவது வருஷம் அவ்வளவு தூரம் போவானேன் என்று நிறுத்திவிடுகிறார்கள். நம் பெண்களுக்கு ரத்தசோகை ஏற்கெனவே சாதாரணம், அதன்மேல் இரும்புச்சத்து உடம்பில் ஏறாத ஆபரேஷன். பரிசோதனைக்கு பெங்களூர்தான் போக வேண்டும் என்றில்லை, தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ரத்தம் கொடுத்து முடிவை அங்கே அனுப்பலாம், அக்கா அப்படித்தான் செய்கிறாள். உள்ளூரில் ஒரு பொது மருத்துவர் முழுக் கதையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைப் போட்டால் இணைப்பு போட்ட இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். சில நாட்களுக்கு மேல் வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அது வைட்டமின் பி1 தீர்ந்துபோன அறிகுறி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வெறும் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அனுப்பினால் இன்னும் மோசமாகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள், அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வருகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கொண்டுவருபவரிடம் சொல்லி, டாக்டரிடம் அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும். இளம்பெண்களுக்கு இன்னொன்று: எடை குறைந்ததும் கரு தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

2024-ல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் இந்த ஆபரேஷனுக்காகச் சேர்ந்து இறந்துபோன செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க யாரும் பேசவில்லை. பயப்பட வேண்டிய ஆபரேஷன்தான். அனுபவமுள்ள இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது, தையல் போட்ட இடம் கசிவது நூற்றில் ஒன்று என்ற அளவில். அதனால்தான் எந்த இடம் என்பது இவ்வளவு முக்கியம். வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவும் மயக்க மருந்து நிபுணரும் ராத்திரியிலும் இருப்பார்களா, கசிந்தால் இங்கேயே பார்ப்பீர்களா வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில் பதில் சொல்லாமல், இந்த மாதம் கட்டினால் இவ்வளவு தள்ளுபடி என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

காசு விஷயம். தனியார் மருத்துவமனையில் சில லட்சங்கள் ஆகும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் "இது அழகுக்குச் செய்வது, கிடைக்காது" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் கொண்டுவந்த விதிப்படி, 18 வயது முடிந்து பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்குள் வராத சர்க்கரை போன்றவை இருந்தால், டாக்டர் பரிந்துரையோடு கோரலாம். வேறு வழிகளில் முயன்று முடியாமல் போனது என்பதையும் காட்ட வேண்டும். அதனால் உணவு நிபுணரைப் பார்த்த சீட்டு, எடை குறித்த தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும், அதைப் படித்துப் பாருங்கள்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். மவுன்ஜாரோ, வீகோவி இரண்டும் 2025-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆய்வுகளில் வீகோவியில் சராசரியாக 15 சதவீதம், மவுன்ஜாரோவின் அதிக அளவில் 20 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருக்கிறது, நடைக்கும் ஆபரேஷனுக்கும் இடையே உண்மையிலேயே ஒரு வழி. ஆனால் நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. மாதாமாதம் அந்தச் செலவைத் தாங்குமா என்று குடும்பம் உட்கார்ந்து யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பி.எம்.ஐ. முப்பதை ஒட்டி, இன்னும் பெரிய நோய் வராத நிலையில் இருந்தால் இன்றைக்கே நடக்கத் தொடங்குங்கள், 2023-ல் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கினார்கள், அதில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாலும் போதும், ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களை, முப்பத்தைந்தைத் தாண்டிச் சர்க்கரையும் மூச்சடைப்பும் சேர்ந்தவர்களை, இன்னொரு பேலியோ டயட்டுக்கும் இன்னொரு ஜிம்முக்கும் அனுப்பி அவமானப்படுத்தாமல் ஒரு நல்ல அறுவை சிகிச்சை நிபுணரிடம் கூட்டிப்போங்கள். கூடப் போகிறவர் அவருக்கு வீட்டில் சமைப்பவராக இருந்தால் நல்லது. முதல் சந்திப்பிலேயே ஐந்து வருஷத்துக்கான பரிசோதனை அட்டவணையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நம் ஊரில் எந்த லேபில் எதெல்லாம் பார்க்க முடியும் என்று அதிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள்.